விண்மீன் பிறந்த கதை – 9: அப்பர் சர்க்குலர் ரோட்டில் எழுதிய கணக்கு

சென்ற வாரம் ஒரு வாயு மேகத்தை விழும் நிலையில் விட்டுவிட்டு வந்தோம். 1902-ல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜீன்ஸ் கண்ட விதி இது: மேகம் போதிய அளவு குளிர்ந்து, போதிய நிறையும் சேர்ந்துவிட்டால் உள்ளிருக்கும் அழுத்தம் தோற்கும், ஈர்ப்பு வெல்லும், மேகம் தன் மையத்தை நோக்கிச் சரியும். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. எந்த வாயுவையும் நெருக்கினால் சூடேறும். சூடேறிய வாயு எதிர்த்துத் தள்ளும். அப்படித் தள்ளினால் வீழ்ச்சி பாதி வழியில் நின்றுவிட வேண்டும். சூரியன் பிறந்திருக்கவே கூடாது.

ஆனால் சூரியன் பிறந்திருக்கிறது. அப்படியானால் வீழ்ச்சியில் எழுந்த வெப்பத்தை எது விழுங்கியது?

இதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் வேறொன்று தெரிந்திருக்க வேண்டும். வாயுவைச் சூடாக்கிக்கொண்டே போனால் அதன் அணுக்களுக்கு என்ன ஆகும்? எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், நூற்றுக்கு எத்தனை அணு எலக்ட்ரானை இழந்து உடையும்? லண்டனிலும் பாரிசிலும் அமெரிக்க மலையுச்சிகளிலும் பெரிய பெரிய தொலைநோக்கிகள் இருந்தன. விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் லட்சக்கணக்கில் குவிந்திருந்தன. அவற்றுக்குப் பொருள் சொல்லும் கணக்கு மட்டும் இல்லை. அந்தக் கணக்கு கல்கத்தாவிலிருந்து, சொந்தமாக ஒரு தொலைநோக்கிகூட இல்லாத 26 வயது விரிவுரையாளரிடமிருந்து வந்தது.

பந்தியில் இடமில்லை

மேகநாத சாஹா 1893 அக்டோபர் 6 அன்று டாக்கா மாவட்டத்தின் சியோராதலி கிராமத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாத சாஹாவுக்குச் சின்ன மளிகைக் கடை. எட்டுப் பிள்ளைகளில் மேகநாதர் ஐந்தாவது. மேலே படிக்க வேண்டுமென்றால் வேற்றூர் போக வேண்டும், அதற்கு வீட்டில் வசதியில்லை. அனந்தகுமார் தாஸ் என்ற மருத்துவர் தம் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டதால் படிப்பு தொடர்ந்தது. 1905-ல் உதவித்தொகை பெற்று டாக்கா காலேஜியேட் பள்ளிக்கு வந்தார். அது வங்கப் பிரிவினைக் காலம். லெப்டினன்ட் கவர்னர் பாம்ஃபீல்டு ஃபுல்லரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களில் சாஹாவும் ஒருவர். பள்ளியும் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று. இன்னொரு பள்ளி சேர்த்துக்கொண்டது. 1909 நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கத்திலேயே முதலாவதாக வந்தார்.

1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். பக்கத்து இருக்கையில் சத்யேந்திரநாத் போஸ். இப்படி ஒரு வகுப்பறை வேறெங்கு வாய்க்கும்? ஆனால் ஈடன் ஹிந்து ஹாஸ்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வேறு நியாயம் நடந்தது. சாஹாவின் சாதியைச் சொல்லி, அவரோடு ஒரே பந்தியில் உட்கார மேல்சாதி மாணவர்கள் சிலர் மறுத்தார்கள். அவர் அந்த விடுதியை விட்டு வெளியேறினார். ட்யூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பை ஓட்டினார். 1915-ல் எம்.எஸ்சி. கணிதத்தில் சத்யேந்திரநாத் முதலிடம், மேகநாதர் இரண்டாமிடம்.

அடுத்து நிதித்துறைத் தேர்வு எழுத நினைத்தார். நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் எழுதித் தேறிய அதே தேர்வு. புரட்சிக்காரர்களோடு தொடர்பு உண்டு என்ற சந்தேகத்தால் சாஹாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த அனுமதி கிடைத்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

தெரியாத பாடத்தின் ஆசிரியர்

அப்பர் சர்க்குலர் ரோடு, 92-ஆம் எண். வழக்கறிஞர்கள் தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிகாரி கோஷும் அள்ளிக் கொடுத்த செல்வத்தைக் கொண்டு அசுதோஷ் முகர்ஜி எழுப்பிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரி அங்கே இருந்தது. 1916-ல் சாஹாவையும் சத்யேந்திரநாத்தையும் அசுதோஷ் அங்கே விரிவுரையாளர்களாக அமர்த்தினார். முதலில் கணிதத் துறை, பிறகு இயற்பியல் துறை. 1917-ல் அரசு வேலையை உதறிவிட்டு ராமனும் அங்கே பாலித் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

சாஹாவின் பங்குக்கு வந்தவை வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும். இரண்டையும் அவர் எம்.எஸ்சி.யில் படித்ததில்லை. முதலில் தாம் படித்து, பிறகு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் ஜெர்மன் நூல்கள் கிடைப்பது அரிது. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த புரூல் என்ற ஐரோப்பியப் பேராசிரியரிடம் பிளாங்க், நெர்ன்ஸ்ட் போன்றோரின் நூல்கள் இருந்தன. சாஹாவும் சத்யேந்திரநாத்தும் அவற்றை வாங்கிப் படித்தார்கள். விண்மீன்கள் மேல் ஆசையை விதைத்தவர் ஆக்னஸ் கிளார்க் என்ற அயர்லாந்து எழுத்தாளர். சூரியனைப் பற்றியும் வான இயற்பியல் புதிர்களைப் பற்றியும் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூல்கள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தன. பகலில் வெப்பவியல் பாடம், மற்ற நேரத்தில் சூரியனின் புதிர்கள் என்று இரண்டும் ஒரே மூளைக்குள் ஓடின.

முதல் பெரிய முயற்சி 1917-ல். ஒளி அணுக்களைத் தள்ளும்போது எல்லாவற்றையும் ஒரேபோல் தள்ளாது, சிலவற்றைக் கூடுதலாகத் தள்ளும் என்று நீண்ட கட்டுரை எழுதி அமெரிக்காவின் வான இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். கட்டுரை நீளம், அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்றால் வெளியிடலாம் என்று பதில் வந்தது. கல்கத்தா விரிவுரையாளரின் சம்பளத்தில் அதற்கு வழியேது? சுருக்கமான குறிப்பு மட்டும் 1919-ல் அந்த இதழில் வந்தது. முழுக் கட்டுரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில், உலகின் கண்ணுக்கு எட்டாமல் கிடந்தது. 1936-ல் அமெரிக்கா போனபோது யெர்க்கிஸ் வானாய்வகத்தில் தம் கையெழுத்துப் பிரதி அப்படியே இருந்ததைச் சாஹா கண்டார்.

இந்த அடியோடு அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ இதைவிடப் பெரிய புதிரில் கைவைத்தார்.

கால்சியம் ஏன் மேலே உடைந்தது?

நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் அந்தக் காலத்திலேயே சூரியனைக் கால்சியத்தின் ஒளியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வானியலாளர்கள் ‘கே கோடு’ என்று சொல்லும் ஊதா நிறக் கோடு அது. ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணு, அதாவது கால்சியம் அயனி, தரும் கோடு. முழுச் சூரிய கிரகணத்தின்போது பார்த்தால், சூரியனின் விளிம்புக்கு மேலே சுமார் 14,000 கிலோமீட்டர் உயரம்வரை இந்த ஒளி தெரிந்தது.

அதில்தான் முரண். அணுவை உடைக்க வெப்பம் வேண்டும். மேலே போகப் போகச் சூடு குறையும் என்றே அன்று எல்லாரும் கருதினார்கள். அப்படியானால் உடைந்த கால்சியம் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்க வேண்டும். கண்டதோ நேர்மாறு. சூரிய ஆய்வாளர் நார்மன் லாக்கியர் காலத்திலிருந்து பலரையும் திணறடித்த கேள்வி இது.

1919 இறுதியில், நெர்ன்ஸ்டின் மாணவர் எக்கர்ட் ஜெர்மன் இதழொன்றில் எழுதிய கட்டுரை சாஹாவின் கையில் கிடைத்தது. மூலக்கூறுகள் சூட்டில் பிரிவதற்கு வேதியியலாளர்கள் போடும் கணக்கை, விண்மீனின் உள்ளே அணுக்கள் எலக்ட்ரானை இழப்பதற்கும் போட்டுப் பார்த்திருந்தார் எக்கர்ட். வழி சரி. ஆனால் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற இடத்தில் அவர் ஊகமான எண்களை வைத்திருந்தார். சாஹாவுக்குச் சட்டென்று பிடிபட்டது: அந்த இடத்தில் ஆய்வுக்கூடத்தில் அளந்த உண்மையான எண்ணை வைத்தால்? எந்தத் தனிமம், எந்த வெப்பம், எந்த அழுத்தம் என்று சொன்னால் போதும், உடைந்த பங்கு எவ்வளவு என்று கணக்கே சொல்லிவிடும்.

கால்சியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 6.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 6,000 டிகிரிச் சூட்டிலும் ஒரு துகளின் பங்குக்குச் சராசரியாகக் கிடைப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. ஆனாலும் அணுக்கள் உடைகின்றன. துகள்களில் சில சராசரியைவிட மிக வேகமானவை, அவை மோதும்போது எலக்ட்ரான் பிய்ந்து போகும். பிய்ந்த எலக்ட்ரான் மறுபடி ஒட்ட வேண்டுமானால் பக்கத்தில் ஓர் அயனி அகப்பட வேண்டும். வாயு அடர்த்தியாக இருந்தால் உடனே அகப்படும். வாயு மெலிந்திருந்தால் எலக்ட்ரான் நெடுநேரம் தனியே அலையும். உடைவது நிற்பதில்லை, ஒட்டுவதுதான் அரிதாகிறது.

சாஹாவின் கணக்குப்படி, 6,000 டிகிரியில் நம் பூமிக் காற்றின் அழுத்தம் இருந்தால் கால்சியத்தில் 8 சதவீதம்தான் அயனியாகும். அதே சூட்டில் அழுத்தத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 99 சதவீதம் அயனியாகிவிடும். சூரியனின் மேல் அடுக்கில் கால்சியம் உடைந்து கிடப்பதற்குக் காரணம் அங்கே வாயு மிக மெலிந்திருப்பதே. எல்லாரும் வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தவர் சாஹா.

1920-ன் முதல் சில மாதங்களில் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக லண்டனின் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழுக்குப் போயின. சூரியனின் மேல் அடுக்கான நிற மண்டலத்தில் அயனியாக்கம் பற்றிய கட்டுரை அக்டோபரில் அச்சேறியது. பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையோடு சாஹாவும் அந்த ஆண்டே கப்பலேறி, இம்பீரியல் கல்லூரியில் ஆல்ஃபிரட் ஃபவுலரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

எழுத்துகளுக்குப் பின்னால் இருந்த வெப்பம்

ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ஏழு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு வகையில் ஹைட்ரஜன் கோடுகள் பளிச்சென்று இருக்கும், இன்னொன்றில் மங்கும். ஒன்றில் கால்சியம் ஓங்கும், மற்றொன்றில் காணாமலே போகும். விண்மீனுக்கு விண்மீன் சரக்கே வேறா, அல்லது ஒரே சரக்கு வேறு வேறு கோலம் காட்டுகிறதா?

சாஹாவின் கணக்கை வைத்ததும் வரிசை முழுவதும் நேரானது. அது வெப்பத்தின் வரிசை. ஏறத்தாழ 10,000 டிகிரி கொண்ட ஏ வகையில் ஹைட்ரஜன் கோடுகள் உச்சத்தில் இருக்கும். அதைவிடச் சூடானால் ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழந்து கோடு தராமல் போகும். அதைவிடக் குளிர்ந்தால் அந்தக் கோடுகளை எழுப்பும் அளவுக்கு அணு கிளர்ச்சி அடையாது. கோடு மங்கியது என்பதற்காகப் பொருள் இல்லை என்று சொல்லக் கூடாது. இந்த ஒரு பாடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் முடிவில் ஒருவரின் எதிர்காலமே இதைச் சார்ந்து நிற்கப் போகிறது.

சாஹா சோதனைக்கும் இடம் கொடுத்தார். ருபீடியமும் சீசியமும் எளிதில் எலக்ட்ரானை இழப்பவை. அதனால்தான் சூரிய ஒளியில் அவற்றின் கோடுகள் தென்படவில்லை. சூரியக் கரும்புள்ளிகள் சற்றே குளிர்ந்தவை, அங்கே தேடினால் கிடைக்கலாம் என்றார். அமெரிக்காவின் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் தேடினார். ருபீடியம் இருந்தது! ரஸ்ஸல் என்ற இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

விழுந்துகொண்டிருந்த மேகம்

இப்போது நம் மேகத்துக்குத் திரும்பலாம். விண்வெளியில் விண்மீன் கருக்கொள்ளும் மேகத்தின் சூடு ஏறத்தாழ 10 கெல்வின், அதாவது சுழிக்குக் கீழே 263 டிகிரி செல்சியஸ். அதன் செறிந்த பகுதியில்கூட ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் முதல் லட்சம் மூலக்கூறுகள்தான். நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே இடத்தில் கோடி கோடியாய், கோடி கோடிக்கும் மேலே இருக்கின்றன. விழும்போது எழும் வெப்பத்தைத் தூசியும் மூலக்கூறுகளும் அகச்சிவப்பு, ரேடியோ அலைகளாக வெளியே அனுப்பிவிடும். மேகம் மெலிந்திருக்கும்வரை அந்த அலைகள் தடையின்றித் தப்பிப் போகும். எனவே லட்சக்கணக்கான ஆண்டுகள் மேகம் விழுந்துகொண்டே இருந்தாலும் சூடேறாது. கேட்ட கேள்விக்குப் பாதி விடை இது.

ஒரு கட்டத்தில் மையம் அடர்ந்துபோகும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கும். அழுத்தம் எழுந்து நிற்கும். வீழ்ச்சி நிற்கும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சில மடங்கு ஆரமுள்ள ஒரு வெதுவெதுப்பான உருண்டை உருவாகும். விண்மீன் பிறப்பு இங்கேயே முடங்கிவிடுமோ என்று தோன்றும் நேரம் இது.

உருண்டையின்மேல் வாயு கொட்டிக்கொண்டே இருக்க, மையம் மெல்லச் சூடேறி 2,000 கெல்வினைத் தொடுகிறது. அப்போது ஹைட்ரஜன் மூலக்கூறுகள் இரண்டு இரண்டு அணுக்களாகப் பிரியத் தொடங்குகின்றன. ஒரு மூலக்கூறைப் பிரிக்க 4.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 2,000 கெல்வினில் சராசரித் துகளிடம் அதில் மிகச் சிறிய பங்குதான் இருக்கும். இருந்தும் பிரிகின்றன, ஏனென்றால் அடர்ந்த பிறகும் வாயு நம் காற்றைவிட மெலிந்தே இருக்கிறது, பிரிந்தவை மீண்டும் சேர அரிதாகவே வாய்ப்புக் கிடைக்கிறது. சூரியனின் கால்சியத்துக்கு அப்பர் சர்க்குலர் ரோட்டில் போட்ட அதே நியாயம்.

உலை கொதிக்கும்போது பாருங்கள். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது, கொடுத்த வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கப் போய்விடும். மேகத்தின் மையத்திலும் அதுதான் நடக்கிறது. ஈர்ப்பு நெருக்க நெருக்க எழும் வெப்பம் மூலக்கூறுகளைப் பிரிக்கவே செலவாகிறது. சூடு முன்போல் ஏறவில்லை, அழுத்தம் போதவில்லை. முட்டுக்கொடுத்து நின்ற உருண்டையின் மையம் மறுபடி இடிந்து விழுகிறது. முதல் வீழ்ச்சிக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. மையத்தின் இந்த இரண்டாம் வீழ்ச்சி ஒரு மனித ஆயுளுக்குள் முடிந்துவிடும்.

சூடு 10,000 கெல்வினை நெருங்கும்போது அணுக்களின் முறை வருகிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் தன் எலக்ட்ரானைக் கழற்ற 13.6 எலக்ட்ரான் வோல்ட் விழுங்குகிறது. இந்த இடத்தில் போடுவது சாஹாவின் சமன்பாட்டையேதான். உடைய வேண்டியவை பெரும்பாலும் உடைந்த பிறகு வெப்பத்துக்கு வேறு செலவில்லை. அழுத்தம் முழு வலுவோடு எழுகிறது, வீழ்ச்சி நிற்கிறது. அங்கே நிற்பது விண்மீனின் கரு. சூரியனைப்போன்ற ஒன்று அதன்பின் சில கோடி ஆண்டுகள் மெல்லச் சுருங்கி, மையம் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜனை எரித்துத் தன் காலில் நிற்கத் தொடங்கும்.

ரிச்சர்ட் லார்சன் என்ற இளைஞர் இந்த இரட்டை வீழ்ச்சியைக் கணிப்பொறியில் அடியெடுத்து அடியெடுத்துக் கணக்கிட்டு வெளியிட்டது 1969-ல். சாஹா அதைப் பார்க்கவில்லை. 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில், திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவர் காலமானார். சக மாணவர்கள் பந்தியில் இடம் தர மறுத்த ஒருவர், தம் அறிவால் சூரியனையும் பிறவாத விண்மீன்களையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தார். இதைவிடப் பெரிய பதில் எந்த அவமதிப்புக்கும் இருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

ஹார்வர்டுக்குப் போன மாணவி

கவனித்தீர்களா? மேகத்தின் கதையைச் சொல்லும்போது ஹைட்ரஜன், ஹைட்ரஜன் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். மேகம் ஹைட்ரஜனால் ஆனது என்று நமக்கு யார் சொன்னது? 1920-களின் தொடக்கத்தில் அப்படி யாரும் நம்பவில்லை. சூரியனும் விண்மீன்களும் பூமியின் மண்ணும் ஏறத்தாழ ஒரே கலவை என்பதே பெரியவர்களின் தீர்ப்பு. சூரிய ஒளியில் இரும்பின் கோடுகள் ஏராளம், ஆகவே சூரியனில் இரும்பும் ஏராளம் என்றார்கள்.

1923-ல் செசிலியா பெய்ன் என்ற 23 வயதுப் பெண் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்வர்டுக்குப் புறப்பட்டார். பெண்ணுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் தராது, வானியலில் வேலையும் தராது என்பதால் கடல் கடந்தார். வாய்ப்புக் கிடைத்தால் ஹார்வர்டின் கண்ணாடித் தகடுகளை வைத்துச் சாஹாவின் கோட்பாட்டைச் சோதித்துப் பார் என்று, கேம்பிரிட்ஜில் அதே கோட்பாட்டை வளர்த்துக்கொண்டிருந்த மில்ன் வழி சொல்லி அனுப்பியிருந்தார்.

பெய்ன் தகடு தகடாக அளந்தார். கோடு எவ்வளவு அழுத்தம், அந்த வெப்பத்தில் எத்தனை அணுக்களால் அந்தக் கோட்டைத் தர முடியும் என்று சாஹாவின் சமன்பாட்டில் இட்டு, ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் பிரித்தெடுத்தார். சிலிக்கான், கார்பன் போன்றவை பூமியில் உள்ள விகிதத்திலேயே வந்தன. பெரியவர்களின் தீர்ப்பு சரிதான் போலும்.

ஹைட்ரஜனுக்கு வந்தார். கணக்கு முடிந்தது. மறுபடியும் போட்டுப் பார்த்தாலும் அதே எண்ணே வரும். விண்மீன்களில் ஹைட்ரஜன், உலோகங்களைப்போல் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு!

ஆய்வேட்டின் கைப்படி, அன்று விண்மீன் ஆய்வில் கடைசிச் சொல் யாருடையதோ அவருக்கே போயிற்று. சாஹாவின் ருபீடியத்தைக் கரும்புள்ளியில் கண்டுபிடித்த அதே ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல். சாஹாவை முழுமையாக நம்பியவர். சாஹாவின் சமன்பாடு பெய்ன் கையில் என்ன சொல்கிறது என்று படித்தார். 1925 ஜனவரியில் அவருடைய கடிதம் வந்தது: ஹைட்ரஜன் இவ்வளவு இருக்கவே முடியாது.

முனைவர் பட்டம் அந்தக் கடிதத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். எண்ணை வெட்டினால் விண்மீன் பிறப்பின் மூலப்பொருள் இன்னும் எத்தனை ஆண்டு மறைந்து கிடக்குமோ! விட்டுவைத்தால் 25 வயதுக்கு முன்பே ஒரு பெண்ணின் ஆராய்ச்சி வாழ்வு முடிந்துபோகலாம். செசிலியா பெய்ன் ஆய்வேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிய வரி என்ன? நான்கே ஆண்டுகளில் ரஸ்ஸல் ஏன் தம் சொல்லையே மாற்ற நேர்ந்தது?

(அடுத்த வாரம்: பத்து லட்சம் மடங்கு)